திருப்பிச் சொல்லு

வீட்டில் கணவனை "என்னங்க" என்று கூப்பிடுகிறவள், வேலைக்கு வந்துவிட்டால் "நிறுத்து", "இறக்கு", "இடப்பக்கம் திருப்பு" என்று அதட்டுவாள். அவனும் மறுபேச்சில்லாமல் கேட்பான். அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த அத்தனை ஆண்களுக்கும் இது தீராத வேடிக்கையாக இருந்தது. "அண்ணே, வீட்டுக்கும் ஒரு வாக்கி வாங்கிப் போட்டுடுங்க, சண்டையே வராது" என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறிவிடுவான்.

அவன் கிரேன் ஓட்டுகிறவன். அறுபது மீட்டர் உயரத்தில், ஒருவன் உட்கார்ந்தால் இன்னொருவன் நிற்க இடமில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் காலை ஏழு மணிக்குப் போனால் பொழுது சாயும்போதுதான் இறங்குவான். சாப்பாடுகூடக் கயிறு கட்டித்தான் மேலே போகும். அதனால் சைட்டில் அவனுக்கு உச்சி என்று பெயர். அவள் சிக்னலக்கா. வாக்கிடாக்கியைப் பிடித்துக்கொண்டு தளத்தில் நின்று அவனுக்கு வழி சொல்கிறவள். கட்டடம் எட்டு மாடி எழும்பியபிறகு பின்பக்கம் முழுக்க அவன் கண்ணுக்கு மறைந்துபோய்விட்டது. அந்தப் பக்கம் கொக்கி எங்கே தொங்குகிறது, யார் தலைக்கு மேலே தொங்குகிறது என்பதெல்லாம் அவள் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும்.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. அவள் ஒன்று சொன்னால் அதை அவன் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் லிவரைத் தொட வேண்டும்.

"ரெண்டடி இறக்கு."

"ரெண்டடி இறக்கு."

"மெதுவா."

"மெதுவா."

காலையிலிருந்து மாலைவரை இதே பேச்சுதான். வாக்கி வைத்திருக்கிற எல்லாருக்கும், மேஸ்திரிக்கும் சேஃப்டி சாருக்கும் வாசல் வாட்ச்மேனுக்கும், இது கேட்கும். சுமை தொங்கும்போது வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. "நிறுத்து" என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் விதிவிலக்கு. அதைக் கேட்டால் முதலில் நிறுத்த வேண்டும், பிறகுதான் திருப்பிச் சொல்ல வேண்டும். வாக்கி செத்துப்போனால் அவள் முஷ்டியை மடக்கிக் காட்டுவாள். அதற்கும் அதே பொருள்தான்.

அவள் முன்பு செங்கல் சுமந்தவள். மூன்று மாதம் படித்துப் பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் சம்பளம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அவன் காதுக்குள் தன் குரல் நாள் முழுக்க இருக்க வேண்டும் என்றுதான் வந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஊரில், அவன் கிட்டங்கியில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கழிவுநீர்க் குழாய்க்குள் ஆட்கள் உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஆரம்பித்தான். நாலு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சோற்றைப் பிசைந்து ஊட்டினால் துப்பினான். பிறகு ஒரு நல்ல டாக்டர் கிடைத்து, ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டு, பழையபடி மனுஷனானான். இது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், அவனுடைய அண்ணனுக்குத் தெரியும். நாலாவது ஆளுக்குத் தெரியாது. அண்ணன்தான் இந்தச் சைட்டின் மேஸ்திரி. தம்பியைக் கிரேன் பழகச் சேர்த்துவிட்டபோது ஃபாரத்தில் மனநோய் உண்டா என்ற கேள்விக்கு எதிரே "இல்லை" என்று எழுதியது அவர் கைதான்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. தளம் போட்டால் காங்கிரீட் வெடிக்காமல் இருக்க வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கி வைப்பார்கள். எட்டு மாடியிலும் தண்ணீர், அதில் கொசு. தகரக் கொட்டகைகளில் குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். உச்சியில் இருக்கிறவனைக் கொசு எங்கே கடிக்கப் போகிறது என்று கிண்டல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் தூங்குவதற்கு அவனும் கீழேதானே இறங்கி வந்தாக வேண்டும். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கேபினில் அவனுக்குக் குளிர் எடுத்தது. திருப்பிச் சொல்லும்போது பல் தந்தியடிப்பது வாக்கியில் கேட்டது. அவள் வேலையை நிறுத்தி அவனை இறக்கினாள்.

சுகாதார நிலையத்துக்கு மேஸ்திரியும் கூடவே வந்தார். டாக்டரம்மா விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்.

"மலேரியா. அதுலயும் பொல்லாத வகை. நல்லவேளை இன்னைக்கே கூட்டிட்டு வந்தீங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மூளைக்கு ஏறியிருக்கும்" என்றார். ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் கேட்டார். "முன்னாடி எப்பவாவது வலிப்பு வந்திருக்கா?"

"இல்லைங்க" என்றார் மேஸ்திரி.

"மனசு சரியில்லாம, தூக்கம் இல்லாம, காதுல குரல் கேக்குதுன்னு ஏதாவது வைத்தியம் பாத்திருக்கீங்களா?"

அவன் உதடு பிரிந்தது. நடுக்கத்தில் பிரிந்ததா, பேசுவதற்கா என்று அவள் நின்று பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் அவன் கையின் மேல் தன் முஷ்டியை வைத்து அழுத்தினாள். அவன் உதடு மூடிக்கொண்டது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. எங்க வம்சத்துலயே கிடையாது" என்றார் மேஸ்திரி.

"நான் அவரைக் கேட்டேன்."

"அவனால பேச முடியலைங்க. பாருங்களேன், எப்படி நடுங்குறான்."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். "நீங்கதானே சம்சாரம்? சொல்லுங்க."

மலேரியா என்று எழுதிவிட்டால் சுகாதாரத்துக்காரர்கள் தாளும் கையுமாகச் சைட்டுக்கே வருவார்கள். அந்தத் தாள் சேஃப்டி சார் மேசைக்குப் போகும். அது அவளுக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். "இல்லைங்க" என்றாள்.

மேஸ்திரி வண்டி பிடிக்கப் போனார். அவன் வெளியே பெஞ்சில் சுருண்டு கிடந்தான். அவள் மருந்து வாங்கும் ஜன்னலில் நின்றபோது டாக்டரம்மா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"எதுக்குத் திருப்பித் திருப்பிக் கேக்கறேன்னா, இந்த மாத்திரை காய்ச்சலை நல்லாக் கேக்கும். ஆனா ஏற்கெனவே மனசு ஒரு தடவை நொடிஞ்சு எழுந்தவங்களுக்குக் குடுக்கக் கூடாது. அவங்களுக்குன்னு வேற மாத்திரை இருக்கு. இதோ, இந்த அலமாரியிலேயே இருக்கு. நீங்க சொன்னீங்கன்னா மாத்திக் குடுக்க ரெண்டு நிமிஷம். சொல்லுங்கம்மா."

வாசலில் மேஸ்திரி வண்டியோடு வந்து நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி ஒண்ணும் இல்லைங்க டாக்டரம்மா."

"சரி. கட்டட வேலைன்னு சொன்னீங்கல்ல, நல்லாக் கேட்டுக்குங்க. மூணு நாள் மாத்திரை. வெறும் வயித்துல குடுக்காதீங்க. சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணியோட. அரைமணிக்குள்ள வாந்தி எடுத்துட்டா மறுபடி என்கிட்ட வரணும். காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. இது முழுங்கி முடிச்ச பிறகும் உடம்புல வாரக்கணக்காத் தங்கும். தலை சுத்தும், காது இரையும். அதனால மூணு வாரத்துக்கு உயரத்துல ஏறக் கூடாது, மெஷின் தொடக் கூடாது. தூக்கம் கெட்டாலோ, பயந்தாலோ, இல்லாததைப் பார்த்தேன் கேட்டேன்னு சொன்னாலோ, உடனே எனக்குப் போன் பண்ணணும்." எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி, கீழே நம்பரையும் போட்டுக் கொடுத்தார்.

இரண்டாவது தடவை தன்னைத் தனியாகக் கேட்டதையும், வேறு மாத்திரை இருந்ததையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சீட்டை மடித்து வாக்கியின் தோலுறைக்குள் செருகினாள்.

மாத்திரை விஷயத்தில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. கஞ்சி காய்ச்சி, முட்டை அவித்து, அவன் சாப்பிட்டு முடித்தபிறகுதான் கொடுத்தாள். முதல் மாத்திரையைக் கால்மணியில் வாந்தி எடுத்தான். அவள் மழையில் ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கேட்டு இன்னொன்று வாங்கிவந்து கொடுத்தாள். பக்கத்துக் கொட்டகைக்காரி, "எங்க வீட்டுக்காரருக்கும் காய்ச்சல், அதுல ரெண்டு குடேன்" என்று வந்து நின்றபோது, "அவரைக் கூட்டிட்டுப் போய் ரத்தம் பாரு. இதைக் குடுக்க மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினாள். சொன்னது அத்தனையும் செய்தாள். தப்பு அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டிருந்தது.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. அவன் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "பசிக்குது" என்றான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் அவன் குழாயடிக்குப் போனவன் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். தரை ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றான். ஆறாம் நாள் காதுக்குள் மோட்டார் ஓடுகிறது என்றான். கண்ணை மூடினாலே கெட்ட கனவு வருகிறது என்று படுக்கவே மாட்டேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் துணி துவைத்துவிட்டு வந்தபோது, கொட்டகைக்கு வெளியே ஓடும் கழிவுநீர்க் குழாயின் வாயில் பழைய சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. சத்தம் வருது."

"என்ன சத்தம்?"

"தண்ணிச் சத்தம்தான்" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ஆறு வருஷமாக எந்தச் சத்தத்துக்குப் பயந்து ஒவ்வொரு நாளும் அவன் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாளோ அது வந்துவிட்டது. கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய், தோலுறைக்குள் இருந்த சீட்டை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நாளைக்கு அவன் ஏறணும்" என்றார். உட்காரக்கூட இல்லை.

"மாமா, மூணு வாரம் ஏறக் கூடாதுன்னு டாக்டரம்மா எழுதியே குடுத்திருக்காங்க."

"நானும் அங்கதானே இருந்தேன்? மாத்து ஆப்பரேட்டர் சொல்லாமக் கொள்ளாம ஊருக்குப் போயிட்டான். புதன்கிழமை ஒன்பதாவது தளம் போட்டாகணும். கம்பி பூராவும் கீழ கிடக்கு. ரெண்டே நாள். அதுக்கப்புறம் ஒரு மாசம் படுத்துத் தூங்கட்டும்."

"அவருக்குத் தலை சுத்துது."

"கேபின்ல உக்காந்துதானே வேலை? நின்னா பண்றான்?"

அவள் குரலை இறக்கினாள். "மாமா, குழாயை அடைக்கிறாரு."

குடையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரியும் குரலை இறக்கிக்கொண்டார். "யாருக்காவது தெரியுமா?"

"இல்லை. டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணப் போறேன்."

"பண்ணு. பண்ணி என்னன்னு சொல்லுவே? அன்னைக்குப் பொய் சொன்னோம்னா? அவங்க எழுதுவாங்க. அந்தத் தாள் சேஃப்டி ஆபீஸுக்கு வரும். அதோட தீந்துச்சு. இந்தச் சைட்டுல மட்டுமில்ல, இனி எந்தச் சைட்டுலயும் அவனைக் கிரேன் கிட்ட விடமாட்டாங்க. எழுதிக் குடுத்த நானும் போவேன். பேசாம இருந்த நீயும் போவே. இந்தக் கொட்டகையும் போகும். யோசிச்சுப் பாரு."

"அவரு ஏறி ஏதாவது ஆச்சுன்னா?"

"நீதான் இருக்கியே கீழ. உன் குரல் கேட்டா அவன் சரியாயிடுவான். இத்தனை வருஷமா அப்படித்தானே ஓட்டிட்டு இருக்கோம்?"

அவர் சொன்னது அவளே தனக்குள் சொல்லி நம்பிக்கொண்டிருந்ததுதான். வாசலில் நின்ற அவன் கடைசியை மட்டும் கேட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"நான் ஏறுறேண்ணே. மேல போயிட்டா சத்தம் இருக்காது. இங்கதான் தாங்க முடியலை."

"கேட்டியா? அவனே சொல்றான்" என்றார் மேஸ்திரி. குடையை விரித்துக்கொண்டு போனார். அவள் சீட்டைப் பழையபடி மடித்து உறைக்குள் வைத்தாள். போன் பண்ணினால் அவன் வாழ்க்கை போய்விடும், பண்ணாவிட்டால் அவனே போய்விடுவான் என்று இரண்டு பக்கமும் அடைபட்டுப்போய், அடுப்புக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை மழை விட்டிருந்தது. அவன் ஏணியில் கால் வைக்கும்போது அவள் போய் அவன் சட்டைப் பித்தானை மாட்டிவிட்டாள். யாரோ, "அக்கா பெத்த பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்புறாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வழக்கமாக இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவன் அன்றைக்கு ஏழு இடத்தில் நின்றான். அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"உச்சி, கேக்குதா?"

"கேக்குது."

"என் பேச்சை மட்டும் கேளு."

"உன் பேச்சை மட்டும் கேக்கிறேன்."

பத்து மணிவரை ஒரு குறையும் இல்லை. பலகைகள் போயின, குழாய்கள் போயின. சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொன்னான். கொஞ்சம் கொஞ்சமாக அவள் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கத் தொடங்கியது. மேஸ்திரி எதிரே வந்து, நான்தான் சொன்னேனே என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போனார்.

பதினோரு மணிக்குப் பின்பக்கத்துக்குக் கம்பிக்கட்டு வந்தது. ஒன்றரை டன். அவள் எட்டாவது தளத்தில் நின்றிருந்தாள். பக்கத்திலேயே லிப்டுக்கு விட்டிருந்த குழிக்குள் சாரம் கட்டி இரண்டு பேர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். தொங்குகிற சுமைக்குக் கீழே ஆள் இருக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை தளம் போட்டாக வேண்டுமே, யார் அதைப் படித்தார்கள்? கம்பிக்கட்டு குழியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் இறங்க வேண்டும்.

"இடப்பக்கம் திருப்பு."

"இடப்பக்கம் திருப்பு."

"இன்னும் திருப்பு."

பதில் இல்லை. கம்பிக்கட்டு குழிக்கு நேர் மேலே வந்து, நின்று, இறங்க ஆரம்பித்தது.

"நிறுத்து!"

நின்றது. கம்பிகள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டன. குழிக்குள் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"நிறுத்து" என்று அவன் திருப்பிச் சொன்னான். பிறகு, "நீதானே இறக்குன்னே?" என்றான்.

"நான் சொல்லலை."

"சொன்னே. இப்பவும் சொல்றியே."

அவள் குழிக்குள் இருந்தவர்களுக்கு ஏறிவரச் சைகை காட்டினாள். சாரத்தில் இருந்த ஒருத்தன் ஏணியைத் தேடினான். இன்னொருத்தனுக்கு இடுப்புக் கொக்கி கம்பியில் சிக்கிக்கொண்டு கழலவில்லை. அவர்கள் மேலே வர எப்படியும் ஐந்து நிமிஷம் ஆகும்.

"உச்சி, கையை எடு. லிவரைத் தொடாதே."

"ரெண்டு பேரும் உன் குரல்லதான் பேசுறீங்க" என்றான் அவன். குரல் சின்னக் குழந்தையுடையதாக இருந்தது. "ஒருத்தி இறக்குங்கறா. ஒருத்தி நிறுத்துங்கறா. எது நீ? எனக்குத் தெரியலையே."

கொக்கி ஓரடி இறங்கி மறுபடி நின்றது. மேஸ்திரி படியில் ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றார். கூடவே சேஃப்டி சாரின் குரல் வாக்கியில், "யாரது? என்ன நடக்குது அங்க?" என்று குறுக்கே வந்தது.

"சேனல் மாத்திப் பேசும்மா" என்றார் மேஸ்திரி. "எல்லாருக்கும் கேக்குது."

சேனல் மாற்ற வேண்டுமானால் அவனும் மேலே மாற்ற வேண்டும். அந்த அரைநிமிஷம் அவன் காதில் இருக்கப்போவது மற்றவளுடைய குரல் மட்டும்தான். அந்தக் குரல் அவளைப் போலவே பேசும். அவள் சொல்கிற எதையும் அதுவும் சொல்லும். அவனுக்குத் தெரிந்த எல்லாம் அதற்கும் தெரியும். அவனுக்குத் தெரியாத ஒன்றைத்தான் அதனால் சொல்ல முடியாது. அப்படி ஒன்று அவளிடம் இருந்தது.

"உச்சி, கேளுங்க. உங்களுக்குத் தெரியாத ஒண்ணை இப்பச் சொல்றேன். திருப்பிச் சொல்லுங்க."

மேஸ்திரி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "வேண்டாம். சொல்லாதே. மூணு பேரும் நடுத்தெருவுக்கு வந்துடுவோம்."

அவள் அந்தக் கையை உதறினாள்.

"டாக்டரம்மா என்கிட்டத் தனியா வந்து ரெண்டாவது தடவை கேட்டாங்க."

வாக்கி இரைந்தது. பிறகு அவன் குரல் வந்தது. "டாக்டரம்மா உன்கிட்டத் தனியா வந்து ரெண்டாவது தடவை கேட்டாங்க."

"முன்னாடி உங்களுக்கு மனசு சரியில்லாம இருந்துச்சான்னு கேட்டாங்க."

"மனசு சரியில்லாம இருந்துச்சான்னு கேட்டாங்க."

"இருந்துச்சுன்னா இந்த மாத்திரை ஆகாது, வேற மாத்திரை இருக்குன்னாங்க. அலமாரியைக் காட்டினாங்க."

"அலமாரியைக் காட்டினாங்க."

"நான் இல்லைன்னுட்டேன். வேலை போயிடும்னு பயந்து இல்லைன்னுட்டேன். இந்தக் குரலு உங்க தப்பு இல்ல. மாத்திரை பண்றது. அதைக் குடுத்தது நான்."

அவன் அதை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை. சைட் முழுக்க எங்கேயும் ஒரு சத்தம் இல்லை. கலவை மெஷினைக்கூட யாரோ அணைத்திருந்தார்கள்.

"இது நீதான்" என்றான் அவன்.

"இது நான்தான். மேலே தூக்கு."

"மேலே தூக்கு."

"வலப்பக்கம் திருப்பு. மெதுவா."

"வலப்பக்கம். மெதுவா."

கம்பிக்கட்டு குழியைவிட்டு விலகி, முன்பக்கம் போய், காலி இடத்தில் இறங்கி, ஒரு பக்கம் முதலில் தட்டி, பிறகு முழுசாகப் படிந்தது. குழிக்குள் இருந்தவர்களில் ஒருவன் அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதான். அவள் எஞ்சினை அணைக்கச் சொன்னாள். கதவைத் திறக்கச் சொன்னாள். பெல்ட்டும் கயிறுமாக இரண்டு பேர் ஏறினார்கள். அதில் முதல் ஆள் மேஸ்திரி. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஐம்பத்தைந்து வயதில் அறுபது மீட்டர் ஏறினார்.

அவர்கள் ஏறுகிற நேரத்தில் அவள் உறைக்குள் இருந்த சீட்டைப் பிரித்து டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினாள். ஒரு காதில் போன், இன்னொரு காதில் வாக்கி.

"தனியா விடாதீங்க. தூக்கம் வர மாத்திரை ஏதும் நீங்களாக் குடுத்துடாதீங்க. இறக்கினதும் நேரா இங்க கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை.

இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு படிக்கும் அவள் சொன்னாள். "வலது கால்." "வலது கால்." "இடது கால்." "இடது கால்." தரையில் கால் வைத்தபோது அவன் சட்டை முழுக்க நனைந்திருந்தது. சேஃப்டி சார் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கழுத்திலிருந்த ஆப்பரேட்டர் கார்டை மட்டும் கழற்றிக்கொண்டார். பிறகு அவளிடம் கையை நீட்டினார். அவள் வாக்கியை உறையோடு கொடுத்தாள்.

சுகாதார நிலையத்தில் அதே மேசை, அதே நாற்காலி. டாக்டரம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்து, நாடி பார்த்து, அவனை நடக்கவிட்டுப் பார்த்தார். உள்ளே போனதை வெளியே எடுக்க வழி இல்லை என்றார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடியும். மூன்று வாரமோ, ஆறு வாரமோ, சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை பெரிய ஆஸ்பத்திரியில், மனசு பார்க்கிற டாக்டரின் கண் முன்னால் இருக்க வேண்டும். அனுப்புவதற்காகப் புதிதாக ஒரு தாளை எடுத்துவைத்தார்.

"முன்னாடி எப்பவாவது மனசு சரியில்லாம வைத்தியம் பாத்திருக்கீங்களா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். சுவரோரம் நின்ற மேஸ்திரியும் வாயெடுத்தார். டாக்டரம்மா பேனாவை உயர்த்தி இருவரையும் அடக்கிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சுங்க" என்றான் அவன். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி. நாலு மாசம் இருந்துச்சு. ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். குழாய்க்குள்ள பேசுவாங்க."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். ஆறு வருஷமாக மூன்று பேர் கட்டிக்காத்தது நாலு வரிகூட வரவில்லை.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார், எழுதிக்கொண்டே.

"சொல்லத்தாங்க வாயெடுத்தேன்." அவன் மேசைக்கு அடியில் அவள் கையைத் தேடி எடுத்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, முஷ்டியாக்கி, தன் கையின் மேல் வைத்துக் காட்டினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. வேலையைப் பற்றிப் பேசுகிற முகம்தான்.

"நீ நிறுத்துன்னு காட்டினே. நிறுத்திட்டேன்."